நடுவில் ஒன்றுமில்லை

எலெயுத்தேரியோ பொட்டலத்தைப் பிரித்து
ஒவ்வொரு வளையமாய்க் கண்ணருகே தூக்கி
ஜன்னல் வழியே கடலைப் பார்த்தான்.
"கண்ணாடியே இல்லையே, இஸ்மேனியா.
பதினெட்டாயிரம் பேசோ கொடுத்து
ஓட்டையா வாங்கினாய்?"

ஆமாம்.
பன்னிரண்டு மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று,
இருபது ஒன்று, முப்பத்தாறு ஒன்று.
நண்டுப் பெட்டிகளை புந்தா அரேனாஸில் இறக்கிவிட்டு
வெங்காய மூட்டைகளோடு திரும்பிய கப்பலில்
வந்து சேர்ந்தவை.
மூன்றையும் மாட்டினால்
லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே
அறுபத்தெட்டு மில்லிமீட்டர் காற்று.
லென்ஸ் தன் வீட்டைவிட்டுச் சற்றே தள்ளி நிற்கிறது.
தள்ளி நின்றதும்
கிட்டத்தில் இருப்பது தெரிகிறது.
ஏனென்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.
அதற்குள் விறகு எடுக்கப் போய்விட்டான்.

மலிவுக் குழாய், உள்ளே மின்தொடர்பு கிடையாது.
லென்ஸ் மாட்டியிருப்பதே தெரியாமல்
கேமரா இரண்டு கோடுகளைக் காட்டி முழிக்கிறது.
துவாரத்தை எட்டில் வைத்து,
பொத்தானை அழுத்தியபடியே
லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்,
தூங்கும் குழந்தையின் விரல்களிலிருந்து
பொம்மையை உருவுவதுபோல.

படகுத்துறையின் மூன்றாவது கட்டையில்
கப்பல் கயிறு உரசாத பக்கம்
ஒரு கைக்குட்டை அளவு பாசி.
டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு
மத்தியானங்களில் அங்கே மண்டியிடுகிறேன்.
காற்றுக்கு முதுகைக் கொடுத்து
மழைக்கோட்டைக் கூடாரமாய் விரித்து.
பாசிக்கும் லென்ஸுக்கும் மூன்று விரல் இடைவெளி;
என் நிழலே அதன் மேல் விழுகிறது.
குவிய வளையத்தைத் திருகிப் பயனில்லை.
உடம்பைத்தான் நகர்த்த வேண்டும்:
முழங்கை ஊன்றி
ஓர் அரிசி மணி முன்னால்,
அரை மணி பின்னால்,
போய்விட்டது,
இதோ,
போய்விட்டது.

இதோ.
சிவந்த காம்பின் நுனியில் ஒரு செம்புக் குடம்.
குடத்தின் வாயைச் சுற்றி
பதினாறு பற்கள்.
காய்ந்தால் திறக்கும், ஈரம் பட்டால் மூடும்.
அடக்கியிருந்த மூச்சு என்னை மீறி வெளியேற
ஒரு பல் மெல்ல உள்ளே வளைந்தது.
வெட்கமாகிவிட்டது எனக்கு,
குளியலறைக் கதவைத் தட்டாமல் திறந்தவள்போல.

சங்கு ஊதியது அப்போதுதான்.
அந்தோஃபகாஸ்தா சுரங்கத்துக்கு
எலெயுத்தேரியோவை ஏற்றிக்கொண்டு
கப்பல் நகர்ந்தது.
ஆரஞ்சு மேலங்கியில் அவன்
பின்பக்கக் கம்பியைப் பிடித்து நின்று
"எடு, எடு" என்று கையாட்டினான்.
படம் எடுப்பதாகச் சொல்லித்தான்
என்னை அங்கே வரச் சொல்லியிருந்தான்.
சீக்கிரமே வந்தது என் தப்பு.
பாசி காய்ந்திருந்தது, அதுவும் என் தப்பா?

இந்தக் குழாய்க்குத் தொலைவு என்று ஒன்று இல்லை.
ஒரு சாண் தாண்டினால் உலகம் கரைசல்.
கழற்ற வேண்டியது மூன்று வளையங்கள்;
கையுறை, குளிர்,
ஒன்று உருண்டால் கடலுக்குள்.
கப்பலைப் பார்த்தேன். குடத்தைப் பார்த்தேன்.
கட்டையின் மறுபக்கம் நகர்ந்து,
இரண்டும் ஒரே கோட்டில் வரும்படி
கன்னத்தை ஈரப் பலகையில் வைத்து
ஒரே ஒரு படம்.

ஒன்பது நாள் கழித்துக் கேட்டான், அனுப்பு என்று.
அனுப்பினேன்.
"இதில் நான் எங்கே?"
"பற்களுக்குப் பின்னால். இடது பக்கம்.
மங்கலாய் ஓர் ஆரஞ்சுக் கறை."

இரவுப் பணியில் இருந்திருப்பான்.
பாலைவனத்தில் சமிக்ஞை கிடைக்காமலும் இருந்திருக்கும்.
மறுநாள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது
கைபேசி அதிர்ந்தது:

"கொஞ்சம் குண்டாகத் தெரிகிறேன்."